சூலக்கரையில் நான் வாய் திறக்காத காரணம்

அன்பு மகன் மாரீஸுக்கு,

விருதுநகரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டியிருந்த சேலையை மாற்றவில்லை, உங்கப்பாவுக்குக் காப்பி போடவில்லை, நேராகப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஆரம்பித்ததுமே நீ, "ஷிப்டுக்கு நேரமாச்சும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அப்புறம் கூப்பிட்டாலும் தூக்கக் கலக்கத்தில் "ம்... ம்..." என்பாய். இது "ம்" கொட்டிக் கேட்கிற சங்கதி இல்லை. முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் உன் அம்மா ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று உனக்கு விளங்கும். ஓசூரில் உன்னோடு ரூமில் இருக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டதெல்லாம் போதும்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பற்கள் பிழைத்துக்கொண்டன! கடைவாயில் ஒன்று மட்டும் போனது, மற்றதெல்லாம் என் வாயிலேயே இருக்கின்றன, ஆடாமல் இருக்கின்றன. பல்லுக்கு என்ன வந்தது, நீ சொல்லவே இல்லையே என்று கேட்பாய். உனக்கு மட்டுமா சொல்லவில்லை? ஒரே வீட்டில் இருக்கிற உங்கப்பாவுக்கே தெரியாமல்தான் வைத்திருந்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த வாரம் சூலக்கரைக்குப் பெண் பார்க்கப் போனோமே, நினைவிருக்கும். சுகன்யாவின் அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்து, "எடுத்துக்கோங்க மதினி, ஒண்ணும் தொடாம இருக்கீகளே" என்று மூன்று தரம் சொன்னார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். சுகன்யா என் பக்கத்தில் வந்து குனிந்து, "அத்தே, காப்பிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டாள். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு மெதுவாகக் கேட்டாள் தெரியுமா! அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன், அவள் முகத்துக்கு நேரே பேசிவிடக் கூடாதே என்று என் முகத்தைக் கொஞ்சம் திருப்பியும் கொண்டேன். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வரும்போது வேனில் நீ கேட்டாய், "ஏம்மா, பொண்ண உனக்குப் பிடிக்கலையா?" நான் "தலைவலிப்பா" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ ஓசூருக்கு வண்டி ஏறிய பிறகு கல்யாணத் தரகர் நம் வீட்டுக்கு வந்தார். "பொண்ணு வீட்டுல யோசிக்கிறாக" என்று ஆரம்பித்தார். "மாப்பிள்ளை தங்கமான பையன்னுதான் சொல்றாக. ஆனா மாமியாரு ஒரு வார்த்தை பேசலையாம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாகளாம். இப்பவே இப்பிடின்னா நாளைக்கு எங்க புள்ள அங்கன போய் என்ன பாடு படுமோன்னு பொண்ணோட அம்மா அழுவுறாக." அவர் போனதும் உங்கப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசியிருந்தா என்ன புள்ள உனக்கு? கூடிவர்ற சம்பந்தத்த நீயே கெடுத்துருவ போலிருக்கே!" அந்தக் கோபத்தில் நானும் அழுதுகொண்டே அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்து காட்டினேன். "பாருங்க, நல்லாப் பாருங்க. இத வெச்சுக்கிட்டு எப்பிடிப் பேசச் சொல்றீக?"

உங்கப்பா பார்த்தார். கீழ் முன்பற்கள் நான்கும் வேர் தெரிய நீண்டு நின்றன. நாக்கால் தள்ளினால் ஆடும். ஈறு செக்கச் சிவந்து, ஊதி, லேசாக அழுத்தினால் சீழ் வரும். வாடையைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அவர் ஒரு அடி பின்னால் போனார், உடனே அப்படிப் போனதற்காக வருத்தப்பட்டு இரண்டடி முன்னால் வந்தார். "எம்புட்டு நாளா இப்பிடி?" என்றார். நாளா, வருஷக்கணக்காக.

உனக்குத் தெரியும், பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி, பீடி எதுவும் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெற்றிலைக்கும் புகையிலைக்கும் யார் தடை சொல்லப்போகிறார்கள்? பேக்கிங் ஷெட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பெட்டி ஒட்டி, வெடிக்கட்டை அடுக்கி, லேபிள் பார்த்து மூடுகிற வேலை. கன்னத்தில் கொஞ்சம் புகையிலையை அடக்கிக்கொண்டால் பசியும் தெரியாது, நேரமும் போகும். பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான், நானும் அப்படித்தான் பழகினேன். பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்பேன். ஈறு வீங்கினால் புதுப்பட்டி மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்குவேன், வலி நின்றதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவேன். முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றேன். பிறகு முறுக்கையே விட்டேன். அதெல்லாம்கூடப் பரவாயில்லை மாரீஸ். என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற முத்துமாரி அக்கா ஒரு நாள், "இங்கன வெளிச்சம் பத்தல" என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் அதே வெளிச்சம்தான். எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் வாயில் முந்தானை. ஊரில் எல்லோரும் நான் அடக்கமாகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

சேதி தெரிந்ததும் ஆனைக்குட்டத்திலிருந்து உன் தாய்மாமன் வந்து இறங்கினார். மாமா வாயில் இருப்பது முழுக்க செட்டுப் பல் என்பது உனக்குத் தெரியும், வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி அதைக் கழற்றி மாட்டுவார். வந்த கையோடு அதைக் கழற்றித் துண்டில் துடைத்து எனக்குக் காட்டினார். "பாரு தாயி, எம்புட்டு வெள்ளை! ஆடுற பல்ல வெச்சுக்கிட்டு ஏன் சீரழியுற? மொத்தமாப் புடுங்கிட்டு செட்டு மாட்டிரு. கல்யாணத்துக்குள்ள ரெடியாயிரும். போட்டோவுல சினிமாக்காரி கணக்கா இருப்ப." எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். சிவகாசியில் மாமாவுக்குச் செட்டுக் கட்டிய பல் டாக்டரிடமே போனோம். அவர் நல்ல மனிதர். பிடுங்குவதற்கு முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார். பார்த்தால் எக்கச்சக்கமாக இருக்கிறது! எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். "இந்தச் சுகர்ல நான் கை வைக்க மாட்டேன்மா. முதல்ல விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சுகருக்கும் பாருங்க, அப்பிடியே அங்கன ஈறு பார்க்கிற டாக்டர் இருக்காங்க, அவங்ககிட்டயும் காட்டிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமாவுக்கு ஏமாற்றம். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

விருதுநகரில் பார்த்த டாக்டரம்மா உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்திருப்பாள். முகக்கவசம் போட்டிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தபோது அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுருங்குகிறதா என்று. சுருங்கவே இல்லை மாரீஸ்! மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறுக்குள் இறக்கி, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த நர்சிடம் எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஆறு... ஏழு... ஆறு... எட்டு..." பரீட்சை மார்க் மாதிரி ஏறிக்கொண்டே போனது, எண் ஏற ஏற நல்லதாக்கும் என்று நானும் நினைத்தேன். முடித்துவிட்டுச் சொன்னாள், "இது பள்ளத்தோட ஆழம்மா. மூணுக்குள்ள இருந்தா ஈறு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

எக்ஸ்ரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். "பல்லுல பெருசாச் சொத்தை இல்ல. பல்லப் பிடிச்சிருக்கிற எலும்புதான் கரைஞ்சிருக்கு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி பள்ளம் விழுந்து, அதுக்குள்ள அழுக்கு கல்லா இறுகி, சீழ் பிடிச்சிருக்கு. எல்லாத்தையும் புடுங்கணும்னு யாரு சொன்னா?"

"எங்கண்ணன்."

"உங்கண்ணன் டாக்டரா?"

"கடலை யாவாரம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். வாசலில் நின்ற உங்கப்பாவும் சிரித்துவிட்டார். அப்புறம் அவள் விளையாட்டை விட்டுவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். கடைவாயில் ஒரு பல்லைக் காப்பாற்ற முடியாது, அதை எடுத்துவிட வேண்டும். மற்றவற்றை ஈறுக்கு அடியில் வேர்வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்து பார்க்கலாம். கரைந்த எலும்பு பழையபடி வளர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் இருக்கிறதை நிறுத்திப் பிடிக்க முடியும். "நான் பாதி வேலைதான் பார்ப்பேன். மீதி நீங்க பார்க்கணும். புகையிலைய விடணும், சுகர் மாத்திரைய விடாமச் சாப்பிடணும். சுகர் ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டுக் கிடந்தா சுகர் இறங்காது." இரண்டும் சேர்ந்துதான் என்னை ஆட்டிவைத்திருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புகையிலையை விட்ட கதையை நீ வரும்போது உங்கப்பாவிடம் கேள், அவர் நடித்தே காட்டுவார். முதல் வாரம் சட்டி பானையெல்லாம் என்னிடம் பாட்டு வாங்கின. கம்பெனி திறந்து வேலைக்குப் போனபோதுதான் பெரிய கஷ்டம். சுற்றிலும் எல்லோரும் மென்றுகொண்டிருக்கும்போது நான் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று கேட்ட முத்துமாரி அக்காவிடம் மட்டும் வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ஆனாலும் விட்டேன். சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியது. டாக்டரம்மா நாள் கொடுத்தாள்.

முதல் தடவை வலது பக்கம் மட்டும். மரத்துப்போக ஊசி போட்டாள். குத்தும்போது சுள்ளென்றது, அப்புறம் பாதி முகம் என்னுடையதே இல்லை என்பது போல ஆகிவிட்டது. தண்ணீர் பீய்ச்சுகிற மெஷினை வைத்து ஒவ்வொரு பல்லாகப் போனாள். "ங்கொய்ய்ய்" என்று தலைக்குள்ளேயே வண்டு சுற்றுகிற மாதிரி சத்தம். அப்புறம் கையாலேயே கொக்கி மாதிரிக் கருவியை ஈறுக்கு அடியில் விட்டு வேரைச் சுரண்டினாள். வலி இல்லை, ஆனால் கரகரவென்று காதுக்குள் கேட்கும். சுரண்டி எடுத்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினாள், கரியும் பழுப்புமாகப் பொடிக் கற்கள். இத்தனையும் என் வாய்க்குள்ளா இருந்தது என்று எனக்கு ஆச்சரியம். உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், கூட வந்தவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சோதனை. பச்சைத் தண்ணீர் பட்டால் பல் ஜிவ்வென்று கூசியது. கண்ணாடியில் பார்த்தால் ஊதியிருந்த ஈறு வற்றி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சந்து தெரிந்தது. போதாக்குறைக்கு முன்னைவிட அதிகமாக ஆடுகிற மாதிரி இருந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு, "பல்லக் கிளீன் பண்ணா ஆடும்னு நான் சொல்லல? ஊருக்கே தெரியும் தாயி, அந்தச் சின்னப் புள்ளைக்குத் தெரியல" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இடது பக்கம் செய்ய வேண்டிய நாளில் நான் போகவில்லை. உங்கப்பாவிடம் ஆர்டர் அவசரம், கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொல்லிவிட்டேன். இதற்கிடையில் உங்கப்பா சூலக்கரைக்குப் போய், "அவளுக்கு ஒடம்பு சரியில்ல, தப்பா நெனைக்காதீக" என்று பேசிச் சம்மதம் வாங்கி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நீயும் போனில் சந்தோஷமாகச் சொன்னாய். ஆனால் உடம்புக்கு என்ன என்று அவர் அங்கே சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. பெண் வீட்டார் மனசில் அந்த முள் அப்படியே இருந்தது.

பொங்கலுக்கு நீ லீவு கிடைக்காமல் வரவில்லையே, நல்லவேளை. அந்த வாரம்தான் என் இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. காய்ச்சல் வேறு. கஞ்சிகூட இறங்கவில்லை. நான் அலமாரியில் கிடந்த பழைய மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் வந்து நின்றாள் முத்துமாரி அக்கா. வேலைக்கு வரவில்லையே என்று பார்க்க வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தாள். "நீ இடதுபக்கத்துக்குப் போகவே இல்லைல்ல?" என்றாள். நான் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இந்தா பாரு. அன்னைக்கு நான் எடம் மாறி உக்காந்தது வெளிச்சத்துக்கு இல்ல. வாடைக்குத்தான். உங்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும், எனக்கு வாய் வரல. இப்பச் சொல்றேன். சேலைய மாத்து, போவோம்."

உங்கப்பா லோடு ஏற்றப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிவகாசி போய் அங்கிருந்து விருதுநகர் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அவள் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வலியைவிட அதுதான் அழுகையைக் கொண்டுவந்தது.

திட்டுவாள் என்று நினைத்த டாக்டரம்மா திட்டவில்லை. முதலில் சீழை வெளியேற்றினாள். கன்னம் பாரம் இறங்கியதும் உயிர் வந்தது. "ஆடுதேன்னு பயந்துட்டீங்களா? ஈறு வீங்கி, கல்லு அடைச்சுக்கிட்டு இருந்ததால சந்து தெரியாம இருந்துச்சு. கல்லு போச்சு, வீக்கம் வத்துச்சு, அதான் தெரியுது. ஈறு இறுக நாளாகும். சுத்தம் பண்ணின வலது பக்கம் பாருங்க, சீழ் இருக்கா?" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். பார்த்தேன். வலது பக்கம் இளஞ்சிவப்பாக அமைதியாக இருந்தது. வீங்கிக் கிடந்ததெல்லாம் நான் சுத்தம் செய்யாமல் ஓடி வந்த இடது பக்கம்! எனக்கு வேறு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காய்ச்சல் அடங்கியதும் வரச் சொல்லி இடது பக்கத்தையும் வேர்வரை சுத்தம் செய்தாள், போக வேண்டிய கடைவாய்ப் பல்லையும் எடுத்தாள். பிறகு இரண்டு விதமான மாத்திரை எழுதினாள், கிருமியைக் கொல்கிற மாத்திரை. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டாள். எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது, எனக்கு ரொம்ப முற்றியிருந்ததால் கொடுப்பதாகச் சொன்னாள். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கல்ல எடுக்காம மாத்திரை மட்டும் முழுங்கினா, அப்போதைக்கு வலி போகும், நோய் போகாது. நீங்க இத்தனை வருஷமா அதத்தான் பண்ணியிருக்கீங்க. இந்தத் தடவ வலி நின்னாலும் கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிடணும்." தலையாட்டினேன். அடுத்து அவள் முகத்தை மாற்றாமல் ஒன்று சொன்னாள் பார், "இது சாப்பிடுற வரைக்கும் குடிக்கக் கூடாது. பீரு, பிராந்தி எதையும் தொடக் கூடாது."

நான் திருதிருவென்று விழித்தேன். முத்துமாரி அக்கா, "டாக்டரம்மா, அப்படின்னா இந்த மாத்திரைய இவ வீட்டுக்காரருக்கே குடுத்துருவமா?" என்றாள்.

"அவருக்கு நல்ல ஈறுன்னா எதுக்கு மாத்திரை? சும்மாவே விடச் சொல்லுங்க" என்றாள் டாக்டரம்மா. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பாதி வாய் மரத்துக் கிடந்தது, சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அப்படியும் சிரித்தேன்.

அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் வாயெல்லாம் தகரத்தை நக்கின மாதிரி ஒரு ருசி. சோறும் தகரம், ரசமும் தகரம். வலியோ இரண்டாம் நாளே போய்விட்டது. பழைய நானாக இருந்தால் மிச்சத்தை அலமாரியில் வைத்திருப்பேன். இந்தத் தடவை அட்டை காலியாகிற வரை விழுங்கினேன். சந்துக்குள் விட்டுத் தேய்க்கச் சின்னஞ்சிறு பிரஷ் ஒன்று கொடுத்தார்கள், எறும்புக்குப் பல் விளக்குகிற அளவில் இருக்கும். காலையிலும் படுக்கப் போகும்போதும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சந்தாக விட்டு எடுப்பேன். ஒரு நாள் காலையில் துப்பினேன், நுரை வெள்ளையாக இருந்தது. மறுபடி கொப்பளித்துத் துப்பினேன். வெள்ளை! "இங்க வாங்க, ஓடி வாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் உங்கப்பா பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்தார்.

இன்றைக்குத்தான் மறுபடி அளந்து பார்க்கிற நாள். அந்த மெல்லிய கம்பியை டாக்டரம்மா எடுத்தாள். "மூணு... ரெண்டு... மூணு... மூணு..." நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூணு... நாலு... ரெண்டு..." வாசலில் உங்கப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றார், கபடி பார்க்கிற மாதிரி. இரண்டு மூன்று இடத்தில்தான் நாலைத் தாண்டியது, அதைத் திரும்பவும் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கீழ் முன்பற்களை விரலால் அசைத்துப் பார்த்தாள். அசையவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நன்றாகப் பிடித்து நிற்கின்றன. சர்க்கரையும் நன்றாக இறங்கியிருக்கிறது. விடாமல் விளக்க வேண்டும், சில மாதங்களுக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், புகையிலையைத் தொட்டால் எல்லாம் பழையபடி ஆகும் என்று எச்சரித்தாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். வெளியே வந்ததும் உங்கப்பாவிடம், "நேரா சூலக்கரை போவோம்" என்றேன்.

"சொல்லாமக் கொள்ளாமலா? சம்பந்தி வீடு புள்ள!"

"சொல்லாமதான். வாங்க."

சுகன்யா பருப்பு மில் ஆபீசிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளும் அவள் அம்மாவும் பதறிப்போய்விட்டார்கள், கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் உட்காரக்கூட இல்லை. அவள் இரண்டு கையையும் பிடித்து அவள் முகத்துக்கு நேரே சொன்னேன், "அன்னைக்கு நான் பேசாம இருந்தது உன்னப் பிடிக்காம இல்ல தாயி. என் வாய்க்குள்ள நோயி. நீ கிட்ட வந்தப்ப உனக்கு வாடை அடிச்சுரக் கூடாதேன்னு திரும்பிக்கிட்டேன். உன்னப் பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு." ஈறு, சீழ், கம்பி, கல், மாத்திரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு இத்தன மாசமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன் அத்தே. கட்டின சேலை சரியில்லையா, காப்பி சரியில்லையான்னு..." என்றாள்.

பார்த்தாயா மாரீஸ். நான் மூடி வைத்த வாய்க்கு ஒரு பெண் தன் சேலையிலும் காப்பியிலும் குற்றம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணம் ஆகப்போகிற உனக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். நாளைக்கு அவள் பேசாமல் இருந்தால் கோபம் என்று நீயாக முடிவு கட்டாதே. எங்கேயாவது வலிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். உனக்கு ஒன்று என்றால் நீயும் அவளிடம் சொல். எந்த நோயாக இருந்தாலும், சொல்ல வெட்கமாக இருக்கிற நோயை முதலில் சொல். நீ அன்றைக்கு வேனில் "பிடிக்கலையா" என்று கேட்காமல் "ஏம்மா சாப்பிடல" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்மேல் பழி போடவில்லை. நானும் உங்கப்பாவை எத்தனையோ தடவை தப்பாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் சம்பந்தியம்மா டப்பாவில் இருந்த காராச்சேவைத் தட்டில் கொட்டிக்கொண்டு வந்தார்கள், முன்னேற்பாடு இல்லாமல் வந்தவர்களுக்கு வேறு என்ன கிடைக்கும்! வலது பக்கத்தில் வைத்துக் கடித்தேன். கடக்கென்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இன்னொரு கை அள்ளிக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினேன், பேசிக்கொண்டே சாப்பிட்டேன், சுகன்யா ஆபீசுக்கு லேட்டாகப் போனாள். உங்கப்பா வரும்போது பஸ்ஸில், "இந்தக் கல்யாணம் நீ பேசாததால நிக்கப் பார்த்துச்சு, இப்ப நீ பேசுற பேச்சுல நின்னுராம இருக்கணும்" என்றார். அவர் கிடக்கிறார்.

இன்னொன்று. டாக்டரம்மா இன்றைக்கு என்னிடம், "இது குடும்பத்துல மத்தவங்களுக்கும் வரலாம்மா. உங்க பிள்ளைங்களுக்கு ஈறுல ரத்தம் வருதா?" என்று கேட்டாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது கொல்லைக் குழாயடியில் நீ பல் விளக்கிய இடத்தில் சிவப்பாக இருந்தது. கேட்டதற்கு "பிரஷ் குத்திருச்சும்மா" என்றாய். ஒவ்வொரு நாளுமா குத்தும்? சித்திரை கடைசியில் நீ லீவில் வருகிற மறுநாளைக்கு உனக்கு நாள் வாங்கிவிட்டேன். ஆரம்பத்திலேயே பார்த்தால் என்னைப் போல இவ்வளவு பாடு பட வேண்டியதில்லை, சாதாரணச் சுத்தம் செய்வதோடு போய்விடலாம். அன்றைக்கே முத்துமாரி அக்காவும் பேக்கிங் ஷெட்டிலிருந்து இன்னும் சிலரும் வருகிறார்கள். சுகன்யாவும் தனக்கு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வருகிறாள். "நாங்க ரெண்டு பேரும் முதன்முதலாச் சேந்து போற எடம் பல்லாஸ்பத்திரியா அத்தே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வேலை இருக்கிறது, டிக்கெட் கிடைக்கவில்லை என்று எதுவும் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. உனக்கு ஊசி என்றால் பயம் என்பதை நான் இன்னும் சுகன்யாவிடம் சொல்லவில்லை. ஒழுங்காக வந்து சேர்ந்தால் சொல்லவும் மாட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா
எம். புதுப்பட்டி